செவ்வாய்க்கிழமையின் கிளை

அண்ணி பொய் சொல்கிறார் என்று என் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. பேனாவால் எழுதியது. பிறகு அதன்மேல் ஒரு கோடு போட்டேன்; படிக்கவே முடியாதபடி கிறுக்க மனம் வரவில்லை. நான் எழுதியதுதானே, இருக்கட்டும். அந்த வரி எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. மரத்திலிருந்து தொடங்குகிறேன்.

பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. மாலையில், வாரத்துக்கு மூன்று நாள், கோடிங்கும் கலையும் சேர்ந்த ஒரு வகுப்பு. அதில் சேரச் சொன்னதே அண்ணிதான். "வீட்டுல எல்லாத்தையும் அளந்து அளந்து எழுதிட்டிருக்க, நோட்டு. அதை எங்கயாவது போய்ச் செய், எங்களை விட்டுடு" என்று சொல்லி, விண்ணப்பத்தை அவரே வாங்கிவந்தார். நோட்டு என்பது அண்ணி எனக்கு வைத்த பெயர். அண்ணாவுக்கு அவர் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

வகுப்பின் முடிவில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு படைப்பைச் செய்து, கல்லூரி வராந்தாவில் ஒரு வாரம் காட்சிக்கு வைக்க வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் ப்ளம்பர் அண்ணன். நிஜமாகவே ப்ளம்பர். தண்ணீர் கசிந்தால் போனுக்குச் செய்தி அனுப்புகிற கருவி செய்யக் கற்றுத்தருவார்கள் என்று நம்பி வந்து, கலை வகுப்பில் மாட்டிக்கொண்டவர். "நான் கேட்டது லீக் கண்டுபிடிக்க. இவங்க என்னடான்னா இலை வரைய வைக்கிறாங்க" என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். ஆனால் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

நாங்கள் செய்தது ஒரு மரம். ஒரு பழைய டிவியை நெட்டுக்குத்தாகச் சுவரில் மாட்டி, அதற்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டோம். திங்கட்கிழமை மாலை திரையில் வெறும் தண்டு மட்டும் இருக்கும். பெஞ்சில் யாராவது உட்கார்ந்தால் ஒரு கிளை வளரத் தொடங்கும். அவர் எழுந்துவிட்டால் அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும். அடுத்தவருக்கு வேறு இடத்திலிருந்து வேறு கிளை. வெளிச்சம் மேலே இடப்பக்கமிருந்து வருகிறது என்று கணக்கு. கிளைகள் வெளிச்சத்தைத் தேடிச் சாயும். இன்னொன்றின் நிழலில் மாட்டிய கிளை இலைகளை உதிர்த்துக் குச்சியாகும். இப்படியே ஒரு வாரம். சனிக்கிழமை நிற்கிற மரம், வந்து உட்கார்ந்தவர்களின் நேரம்.

உட்கார்ந்திருப்பவரைக் கண்டுபிடிக்க, டிவிக்குக் கீழே ஒரு சின்ன சென்சார். பார்க்க இரண்டு கண்கள் மாதிரி இருக்கும். ஒரு கண்ணிலிருந்து நம் காதுக்குக் கேட்காத ஒலி போகும். அது எதிரில் இருப்பவரின் நெஞ்சில் பட்டுத் திரும்பி மறு கண்ணுக்கு வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லும். வௌவால் செய்கிற வேலைதான். யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை விநாடி இருந்தார் என்று பதிவேட்டில் ஒவ்வொரு வரியாக விழும்.

என் கோடிங் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் இருபத்து மூன்று பேரை உட்காரவைத்துச் சோதித்தேன். உயரம், உட்கார்ந்த விதம், சட்டை நிறம் எல்லாம் குறித்தேன். ஒருவரைக்கூட அது தவறவிடவில்லை. சுவரில் ஒரு அட்டையும் எழுதி ஒட்டினேன்: "இந்த மரத்தில் யாருடைய கையும் படவில்லை. உட்கார்ந்தவர்களின் நேரம் மட்டுமே இதை வளர்த்தது." அதை ஒட்டும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அண்ணி மருந்து வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறார். கல்லூரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மாலை ஷிஃப்டில் ஆறு மணிக்கு அவருக்கு நாற்பது நிமிட இடைவேளை. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று அவரே சொன்னார். எனக்கு அன்று கடை ஏழு மணிவரை; நான் அங்கே இருக்க முடியாது. ஒருவகையில் நல்லது என்றுதான் நினைத்தேன். நான் பக்கத்தில் நின்றால் அவர் எனக்காகப் பாராட்டுவார். நான் இல்லையென்றால் மரத்தை மட்டும் பார்ப்பார்.

அன்று சாப்பாட்டின்போது கேட்டேன்.

"அண்ணி, போனீங்களா?"

"போகாம? இருபது நிமிஷம் உக்காந்திருந்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அருமையா இருந்துச்சு. இப்படிச் சைடுல ஒரு கிளை போச்சு. அப்புறம் இலை." அண்ணி கையை நீட்டிக் காட்டினார். "நல்லா வளர்ந்துச்சு நோட்டு, நெஜமா."

எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். அது எந்தக் கிளை என்று அவருக்கே காட்ட வேண்டும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பதிவேட்டைத் திறந்தேன். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஒருவர். அடுத்த வரி ஆறு நாற்பத்தொன்று. இடையில் ஒன்றுமில்லை.

மேலே போனேன், கீழே வந்தேன். கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"ஆறு பத்து இருக்கும்."

"இதுல இல்லையே."

"எதுல?"

"ஆறு பத்துக்கு யாருமே உக்காரலை. கிளையும் வளரலை." பிறகு, நான் சொல்லியிருக்கவே கூடாததைச் சொன்னேன். "வேலை இருந்திருக்கும் அண்ணி, பரவாயில்ல. வர முடியலைன்னா வர முடியலைன்னு சொல்லுங்க. வந்தேன்னு எதுக்குச் சொல்லணும்?"

அண்ணா தட்டைப் பார்த்தபடியே, "ஏய்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

அண்ணி என்னை ஒருமுறை பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"சரி," என்றார். "அப்ப நான் வரலை."

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். என் தட்டையும் சேர்த்துக் கழுவினார். நான் அறைக்குப் போய் அந்த வரியை எழுதினேன்.

என்னை நானே சந்தேகப்படாத நாள் கிடையாது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று படி இறங்கி, திரும்ப ஏறி இழுத்துப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட நான் அந்தப் பதிவேட்டை மட்டும் எப்படி நம்பினேன் என்று இப்போது யோசிக்கிறேன். அண்ணியை ஏழு வருடமாகத் தெரியும். சென்சாரை மூன்று மாதமாகத்தான் தெரியும்.

புதன்கிழமை வீட்டில் எல்லாம் சரியாகவே நடந்தது, அதுதான் கொடுமை. டிபன் டப்பா வழக்கமான இடத்தில் இருந்தது. "குடை எடுத்துக்கோ" என்றார் அண்ணி. கிண்டல் மட்டும் இல்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், என் நிஜப் பெயர். ஏழு வருடத்தில் முதல்முறையாக அது அவர் வாயிலிருந்து வந்தபோது யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

மாலை கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாகப் பெஞ்சில் மூன்று நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். பதிவானது. எழுந்தேன், நின்றது. ப்ளம்பர் அண்ணனை உட்காரச் சொன்னேன். அவருக்கு ஆறு நிமிடத்தில் நெடுநெடுவென்று ஒரு கிளை, உச்சி வெளிச்சத்தை நோக்கி ஏறியது. அதைப் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்.

"என்ன உம்முன்னு இருக்க?" என்றார்.

சொன்னேன்.

"அண்ணிகிட்ட போய் ரசீது கேட்டியா?"

"கேட்கலை. பதிவுல இல்லைன்னு சொன்னேன்."

"அதுதான் ரசீது கேக்கறது." தலையை ஆட்டினார். "நான் ஒரு வீட்டுல குழாய் மாத்திட்டு வந்து, அந்தம்மா நீ வரவே இல்லைன்னு சொன்னா எப்படி இருக்கும் எனக்கு?"

"சென்சார் சரியாத்தான் வேலை செய்யுது அண்ணா. இப்பதான் பார்த்தோம்."

"நம்ம ரெண்டு பேருக்கும் செய்யுது," என்றார். அவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கடை அரை நாள். ஐந்து மணிக்கே வராந்தாவில் இருந்தேன். ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அண்ணி வந்தார். கிடங்கிலிருந்து நேராக வந்திருந்தார்: உள்ளே இரண்டு டிகிரியில் நிற்பதற்காகக் கொடுத்த அந்தத் தடித்த கம்பளிக் கோட்டு கழுத்துவரை பூட்டியிருந்தது. கையுறைகூடக் கழற்றவில்லை. என்னிடம் நேராக வந்து நின்றார்.

"நான் உக்கார்றேன். நீயே பார்த்துக்கோ."

"அண்ணி, அதெல்லாம் வேண்டாம், நான்தான் ஏதோ..."

"பேசாத. பாரு."

உட்கார்ந்தார். நான் திரையைப் பார்த்தேன். மரம் அசையவில்லை. ஒரு நிமிடம் ஆனது. இரண்டானது. அண்ணி முதுகை நிமிர்த்தி, முழங்கால்களைச் சேர்த்து, போட்டோ எடுக்கும்போது உட்கார்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தார். திரும்ப நடுவுக்கு வந்தார். அந்த நகர்தல்கள் எல்லாம் அவர் முன்பே செய்து பார்த்தவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை இதே இடத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல், இருபது நிமிடம் இதைத்தான் செய்திருக்கிறார்.

வயர் கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். கழலவில்லை. ப்ளம்பர் அண்ணன் வந்து, "நகருங்கம்மா கொஞ்சம்" என்று அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உடனே ஒரு மொட்டு வெடித்தது. எழுந்தார், நின்றது. உட்கார்ந்தார், வளர்ந்தது.

"என்னம்மா இது, உங்களை ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குது."

"அது யார் செஞ்சதுன்னு பாருங்க," என்றார் அண்ணி, என் பக்கம் திரும்பாமல்.

ப்ளம்பர் அண்ணன் சிரிக்கப்போய், பாதியில் நிறுத்தினார். அண்ணியின் கோட்டுக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்கம்மா, இந்தத் துணியைக் கொஞ்சம் பார்க்கறேன்." அமுக்கினார், விட்டார். அது மெல்லப் புடைத்துக்கொண்டு எழுந்தது. அவர் முகம் மாறியது.

"சத்தம் போடற பைப்புக்கு நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். "இந்த மாதிரி மெத்துனு ஒண்ணைச் சுத்திடுவோம். சத்தம் உள்ள போயி அப்படியே செத்துடும். வெளிய வராது."

சென்சார் அனுப்புவது ஒலி. அது திரும்பி வர வேண்டும். அண்ணியின் கோட்டு அதை முழுக்க விழுங்கிக்கொண்டிருக்கிறது. நான் சோதித்த இருபத்து மூன்று பேரும் சட்டையில் வந்தவர்கள். நிறம் குறித்தேன், துணியைக் குறிக்கவில்லை. ஒலி திரும்பவில்லையென்றால் என்ன செய்வது என்று கோடிங்கில் ஒரு வரி உண்டு. எதிரொலி இல்லை, அதனால் ஆள் இல்லை. அதை எழுதியது நான்.

"அண்ணி, கோட்டைக் கழட்டறீங்களா?"

கழற்றினார். ஒரு விநாடிகூட ஆகவில்லை. தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு கிளை கிளம்பி, தயங்கி, இடப்பக்கமாகத் திரும்பியது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையில், வயர்களுக்கு நடுவில், உட்கார்ந்துவிட்டேன்.

"வளரலைன்னு ஏன் அண்ணி சொல்லலை? வளர்ந்துச்சுன்னு ஏன் சொன்னீங்க?"

"மூணு மாசமா அதோடவே கிடந்த. சோறு வைக்கும்போதுகூட அது பேச்சுதான். உன் மரம் வளரலைன்னு நான் எந்த வாயால சொல்றது?" அண்ணி கையுறையை மடியில் வைத்து மடித்தார். "எனக்குத்தான் உக்காரத் தெரியலையோன்னு நெனச்சேன். நகர்ந்து பார்த்தேன். மூச்சைப் பிடிச்சுப் பார்த்தேன். யாரும் இல்லைன்னு பார்த்துட்டு ஹலோன்னுகூடச் சொன்னேன்."

ப்ளம்பர் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க," என்றார் அண்ணி. "உங்க மரம்தானே அது."

"நான் பைப்பு மட்டும்தாம்மா. மூளை எல்லாம் அவளோடது."

"தப்பு செஞ்சது நான் அண்ணி," என்றேன். "மரத்துல இல்லை. வீட்டுல."

அண்ணி பரவாயில்லை என்று சொல்லவில்லை. "வளர்ந்துச்சுன்னு நான் சொன்னதும் தப்புதான்," என்றார் கடைசியில். "ஆனா நான் வந்தேன்."

"வந்தீங்க."

"அதை நீ சொல்லணும்னுதான் இன்னிக்கு வந்தேன். எனக்கு இந்தக் கிளை எல்லாம் வேண்டாம், நோட்டு."

கோட்டை மாட்டிக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். ஆனால் எனக்கு அது போதவில்லை. இன்று வளர்ந்தது வியாழக்கிழமைக் கிளை. செவ்வாய்க்கிழமை இருபது நிமிடம் எங்கே? அதைப் பதிவேட்டில் கையால் சேர்த்து, மரத்தைத் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வளர்க்கலாம். ஒரு வரிதான். செய்வது சுலபம். ஆனால் யாருடைய கையும் படவில்லை என்று அட்டையில் வேறு எழுதி ஒட்டியிருக்கிறேன். டீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. "மரம் உங்க ரெண்டு பேரோடது. அட்டையில என்ன நடந்ததோ அதை எழுதிடுங்க" என்றார்.

அது முடிந்தது என்று நினைத்து, சோதனைக்காக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அடுத்த சிக்கல். அண்ணியின் கிளை செவ்வாய்க்கிழமையே முளைத்து, இருபது நிமிடத்தில் இடப்பக்கம் முழுக்கக் கையை விரித்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கிளைகளும் இடம் மாறின. முக்கால்வாசி சமாளித்துக்கொண்டன. புதன்கிழமை உச்சிக்கு ஏறிய ப்ளம்பர் அண்ணனின் கிளைதான் அந்த நிழலில் மாட்டி, நான்கே இலையோடு குச்சியாக நின்றது.

அவரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுவா என்னோடது?"

"ஆமா."

"வீட்டுக்கு வேற படம் அனுப்பிட்டேனே."

"வேண்டாம்னா விட்டுடலாம் அண்ணா. அண்ணியே கிளை வேண்டாம்னுதான் சொன்னாங்க."

அவர் மோவாயைச் சொறிந்தார். "நான் உக்காந்தது ஆறு நிமிஷம். அதுல நாலு தடவை போன் பார்த்தேன். அந்தம்மா ஒண்ணுமே வளராத இடத்துல இருபது நிமிஷம் உக்காந்திருக்காங்க, எந்திரிச்சுப் போகலை." திரையில் தன் குச்சியைத் தட்டினார். "போடு. எனக்கு நாலு இலை போதும். பொண்டாட்டிகிட்ட இலையுதிர் காலம்னு சொல்லிக்கறேன்."

அன்று வீட்டில் அண்ணியிடம் சொன்னேன். "அவர் கிளையைக் கெடுத்துட்டு எனக்கா?" என்று முதலில் மறுத்தார். ப்ளம்பர் அண்ணன் சம்மதித்ததையும், இலையுதிர் காலத்தையும் சொன்னதும் சிரிப்பை அடக்க முடியாமல் சம்மதித்தார். பிறகு கைப்பையைத் தேடினார்.

"கிடங்குல உள்ள போற நேரம், வெளிய வர்ற நேரம் எல்லாம் சீட்டுல அடிச்சிருக்கு. எடுத்துத் தரவா? உனக்குத்தான் எல்லாம் விநாடிக் கணக்குல வேணுமே."

வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, வந்தது.

"வேண்டாம் அண்ணி. ஆறு பத்துன்னு சொன்னீங்க. இருபது நிமிஷம்னு சொன்னீங்க. அது போதும்."

வெள்ளிக்கிழமை அட்டையை மாற்றினேன். "இந்த மரத்தில் ஒரு கிளை கையால் சேர்க்கப்பட்டது. உட்கார்ந்தவரை எங்கள் சென்சாருக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன நேரத்தை வைத்து அதை வளர்த்தோம்." கோடிங்கில் அந்த வரியையும் மாற்றினேன். இனி எதிரொலி வராவிட்டால், யாரும் இல்லை என்று அது எழுதாது; தெரியவில்லை என்று எழுதும்.

ஆறு மணி பதினொன்றுக்கு அண்ணி வந்தார். சென்சாரை அணைத்துவிட்டு மரத்தைத் திங்கட்கிழமையிலிருந்து ஓடவிட்டேன். ஒரு நாள் ஒரு நிமிடத்துக்குள் ஓடியது. கிளைகள் படபடவென்று வந்தன. செவ்வாய் ஆறு பத்து வந்ததும் வேகத்தைக் குறைத்தேன், நிஜ நேரத்துக்கு. பெஞ்சில் அண்ணி நடுவில், நானும் ப்ளம்பர் அண்ணனும் இரண்டு பக்கமும். கீழே இடப்பக்கம் ஒரு மொட்டு எழுந்தது.

நிஜ நேரத்தில் ஒரு கிளை வளர்வதை அத்தனை நாளில் நானே முழுதாகப் பார்த்ததில்லை. எப்போதும் லேப்டாப்புக்குப் பின்னால் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு நுனி கொஞ்சம் நகரும்.

"கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லேன்," என்றார் அண்ணி. "அவர் இடத்துக்கே போகுது பாரு."

"சொல்ல முடியாது அண்ணி. வெளிச்சம் அந்தப் பக்கம்தான்."

"விடுங்கம்மா," என்றார் ப்ளம்பர் அண்ணன். "நான் நாளைக்குத்தான் பொறக்கப்போறேன். இப்ப எனக்கு என்ன தெரியும்."

நான்காவது நிமிடத்தில் முதல் இலை வந்தது. அண்ணி என் முழங்கைக்குள் கையைக் கோத்துக்கொண்டார். அந்தக் கோட்டு நிஜமாகவே மெத்தை மாதிரிதான் இருந்தது.

ஆறரைக்கு அவர் எழுந்தாக வேண்டும். கிளைக்கு இன்னும் மூன்று நிமிடம் பாக்கி. "மீதியை நீ பாரு" என்று சொல்லிவிட்டு, படியில் இருமுறை திரும்பிப் பார்த்தபடி இறங்கிப் போனார். நாங்கள் இருவரும் பார்த்தோம். கடைசி மூன்று நிமிடத்தில் அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு இலைகள் விரித்து, நின்றது.

கிடங்கு வாசலிலிருந்து அண்ணியின் செய்தி வந்தது: "நின்னுடுச்சா? எவ்வளவு பெருசு?"

ப்ளம்பர் அண்ணன் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துத் திரையில் வைத்து அளந்தார். முப்பத்தேழு சென்டிமீட்டர். மரத்திலேயே பெரிய கிளை அதுதான். அப்படியே எழுதி அனுப்பினேன்.

"நான் எப்படி நம்பறது?" என்று பதில் வந்தது. "ஆதாரம் அனுப்பு."

டேப்போடு சேர்த்து ஒரு படம் எடுத்தேன். கை கொஞ்சம் ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தேன்.